பாதாள சாக்கடையில் பட்டறைக் கழிவு: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? எந்த அளவில் நிறுத்துவது?

கேள்வி: நகர்நீர்

வணக்கம். ஒரு நகராட்சியின் பாதாள சாக்கடைத் திட்டத்தில் 12 எம்எல்டி (நாளைக்கு 120 லட்சம் லிட்டர்) எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறது. எஸ்பிஆர் முறை (ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றூட்டி, படியவிட்டு, மேல்தண்ணீரை இறக்குவது), இரண்டு தொட்டிகள். இப்போதைய வரத்து நாளைக்கு 8 எம்எல்டி. எம்எல்எஸ்எஸ் (தொட்டியில் கிருமிச் சேற்றின் அடர்த்தி) லிட்டருக்கு 3,500 மி.கி. வாக்கில் நிற்கிறது, ஸ்லட்ஜ் வயது (அந்தச் சேறு தொட்டியில் தங்கும் காலம்) 15 நாள். ஊருக்குள் மூன்று பம்பிங் ஸ்டேஷன்கள். அதில் ஒன்றின் எல்லைக்குள் சுமார் 40 சிறு பட்டறைகள் இருக்கின்றன: நிக்கல், குரோம், துத்தநாக முலாம் பூசுகிறவை, வண்டிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறவை, ஒரு பெரிய லாண்டரி, துணி பிளீச்சிங்கும் சாயமும் போடுகிற இரண்டு யூனிட்.

தொல்லை இரண்டு விதமாக வருகிறது.

முதல் விதம்: வாரத்தில் நாலைந்து நாள் காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள். வரத்துத் தண்ணீர் கருநீலமாக மாறும். பிஎச் 9.5 முதல் 10.5. கண்டக்டிவிட்டி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) வழக்கமான 1,500-இலிருந்து 5,000 வரை ஏறும். தொட்டியில் வெள்ளை நுரை பொங்கும், டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு மி.கி.) 0.5-க்குக் கீழே போய்விடும்.

இரண்டாம் விதம்: மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, நள்ளிரவுக்குப் பிறகு. நிறத்தில் பெரிய மாற்றம் இல்லை. ப்ளோயரை (காற்றூட்டும் எந்திரம்) தொடவில்லை என்றாலும் டிஓ 5, 6 என்று ஏறி நிற்கும். மறுநாள் மேல்தண்ணீர் கலங்கலாக இறங்கும். 3-இல் இருந்த அம்மோனியா 25-க்கு மேல் போய், பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

பட்டறைக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் லேப் ரிப்போர்ட் காட்டுகிறார்கள். எல்லாமே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுக்குள். என் கேள்விகள்: மூலத்தை எப்படிப் பிடிப்பது? எந்த அளவை நிர்ணயம் செய்தால் எஸ்டிபி பிழைக்கும்? நகராட்சி தன் கையிலிருக்கும் அதிகாரத்தில் என்ன செய்யலாம்?

பதில்: குழாய்வழி

முதலில் ஒன்று. நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே ஆளின் வேலை இல்லை. டிஓ சரிவது, கழிவைத் தின்று சுத்தம் செய்யும் கிருமிக்கு அளவுக்கு மீறிச் சாப்பாடு வந்ததற்கு அடையாளம். ப்ளோயரை மாற்றாமலே டிஓ ஏறுவது கிருமி மூச்சை நிறுத்தியதற்கு அடையாளம். காற்று போகிறது, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டாவதுதான் ஆபத்து. ஆனால் ஆபரேட்டர் கண்ணுக்கு அது நல்ல செய்தியாகத் தெரியும். டிஓ அதிகம் என்று ப்ளோயரைக் குறைத்து, கரண்ட் மிச்சம் என்று லாக் புக்கில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இன்றே அந்த ஷிப்ட் ஆட்களிடம் சொல்லுங்கள்: காரணமில்லாமல் டிஓ 4-க்கு மேல் ஏறினால் ப்ளோயரைத் தொடாதே, வரத்து சாம்பிள் எடுத்து வை, போன் பண்ணு.

உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. தொட்டியில் எடுத்த கலவையை இரண்டு பிஓடி பாட்டிலில் (பிஓடி என்பது கழிவை உடைக்கக் கிருமி எடுக்கும் ஆக்சிஜன் அளவு) பாதி வரை நிரப்புங்கள். மீதிப் பாதிக்கு ஒன்றில் சந்தேகப்படும் கழிவுநீர், மற்றதில் வீட்டுக் கழிவு மட்டும் வரும் பம்பிங் ஸ்டேஷனின் நீர். நன்றாகக் காற்றூட்டி, டிஓ புரோபைச் செருகி, நிமிடத்துக்கு ஒரு தடவை 10 நிமிடம் அளவைக் குறியுங்கள். மூச்சு வேகம் லிட்டருக்கு மணிக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். சந்தேக பாட்டிலில் அது மற்றதன் பாதிக்கும் கீழே இருந்தால் நஞ்சு என்றே வைத்துக்கொள்ளலாம். லேப் ரிப்போர்ட் வர நான்கு நாள் ஆகும், இது அரை மணி நேரம்.

இனி மூலம் தேடுவது. பிஎச்சை நம்பி மேலே போகாதீர்கள். காரம் வழியிலேயே வீட்டுக் கழிவோடு சேர்ந்து தணிந்துவிடும். உப்பு தணியாது, கலந்து நீர்க்கத்தான் செய்யும். அதனால் கண்டக்டிவிட்டியைத் தானாக அளந்து பதியும் லாகர்தான் கருவி. எஸ்டிபி வரத்து, மூன்று பம்பிங் ஸ்டேஷன் சம்ப் (தண்ணீர் சேரும் குழி), அப்புறம் பட்டறைப் பகுதியின் ஒவ்வொரு கிளைக் குழாயும் சேரும் மேன்ஹோல் என்று கீழிருந்து மேலே போங்கள். லாகர் 1 நிமிடத்துக்கு ஒரு தடவை பதியும்படி வையுங்கள். 15 நிமிட இடைவெளி வைத்தால் ஒரு டிரம் கவிழ்த்தது அந்த இடைவெளிக்குள்ளேயே கடந்து போய்விடும்.

நேரக் கணக்கும் உதவும். குழாயில் ஓட்டம் விநாடிக்கு 0.6 முதல் 0.9 மீட்டர் என்றால் 2 கிலோமீட்டருக்குச் சுமார் 37 முதல் 56 நிமிடம். சம்ப்பில் பம்ப் ஓடத் தொடங்கும் மட்டம் வரும் வரை தண்ணீர் தேங்கும். அந்தத் தாமதத்தை பம்ப் லாக்கிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். காலை 6 மணிக்கு எஸ்டிபியில் தெரிவது விடிகாலை 4 மணிக்கு முன்பே திறந்த வால்வாக இருக்கலாம். பகல் 11 மணிக்கு ஜீப்பில் போய் நின்றால் அங்கே சுத்தமான தண்ணீர்தான் ஓடும்.

மாதம் இரண்டு தடவை நடக்கிற விஷயத்துக்கு லாகரை விடச் சிறந்த சாட்சி குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பு. நிக்கல், குரோமியம், துத்தநாகம் எல்லாம் அதில் ஏறித் தங்கிவிடும். பட்டறையின் இணைப்பு சேரும் இடத்துக்கு மேலே ஒரு மேன்ஹோல், கீழே ஒரு மேன்ஹோல், இரண்டிலும் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் நீளக் கம்பியில் கட்டிய கரண்டியால் சுரண்டி எடுங்கள். உலர்த்தி, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று உலோகம் பாருங்கள். மேலே 60, கீழே 2,000 என்று வந்தால் நடுவில் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும். சுரண்ட வழுவழுப்பு போதவில்லை என்றால் பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள், அதன் மேலேயே படியும்.

எல்லாம் மேலிருந்தேதான். மேன்ஹோலுக்குள் ஒருவரையும் இறக்கக் கூடாது. கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். இந்தக் குறிப்பிட்ட குழாயில் அதற்கு மேலும் காரணம் இருக்கிறது. முலாம் பட்டறை வரிசையில் அமிலமும் சயனைடும் ஒரே குழாயில் சேர வாய்ப்புண்டு, சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. தேங்கிய கழிவில் உள்ள சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் சாவு இருக்கிறது. மூடியைத் திறந்து, பக்கத்து மூடிகளையும் திறந்து, கேஸ் மீட்டரைக் கயிற்றில் இறக்கிப் பார்த்த பிறகே குனிந்து சாம்பிள் எடுங்கள்.

பதில்: ஆய்வகமேசை

சாம்பிள் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் பாதி வழக்கு இங்கேதான் போகிறது.

உலோகத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே. சயனைடுக்குத் தனிப் பாட்டில், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 12-க்கு மேலே, இருட்டில், ஐஸில். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு சயனைடு பாட்டிலில் அமிலம் விட்டால் சாம்பிளும் போகும், எடுப்பவர் உயிருக்கும் ஆபத்து. எண்ணெய் கொழுப்புக்கு வாய் அகன்ற கண்ணாடி பாட்டில், நேராக ஒரே தடவையில் பிடிக்க வேண்டும். வாளியில் பிடித்து ஊற்றினால் எண்ணெய் வாளிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட்டில் அளவு குறைந்து வரும். சல்பைடுக்கு துத்தநாக அசிடேட்.

பிஎச், சயனைடு, எண்ணெய், சல்பைடு இவற்றுக்கு அந்தந்த நேரத்து ஒற்றைச் சாம்பிள். உலோகம், சிஓடி (வேதி முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை), பிஓடிக்கு ஓட்டத்துக்கு ஏற்றபடி சேர்த்த 24 மணி நேரக் கலப்புச் சாம்பிள். பட்டறைக்காரர்கள் காட்டுகிற ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை இல்லை. யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதைத்தான். "சாம்பிள் வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் அந்த ரிப்போர்ட் அந்த பாட்டிலைப் பற்றி மட்டுமே பேசுகிறது, பட்டறையைப் பற்றி இல்லை.

பதில்: சுமைக்கணக்கு

எந்த அளவு என்ற கேள்விக்கு வருகிறேன்.

எல்லோரும் காட்டுகிற அட்டவணை, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986-இன் 6ஆம் அட்டவணை. அதில் ஆற்றில் விட ஒரு பத்தி, பொதுச் சாக்கடையில் விட ஒரு பத்தி. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஆற்றுக்கு பிஓடி 30, சாக்கடைக்கு 350. நீரில் தொங்கும் திடப்பொருள் 100-க்கு 600. எண்ணெய் 10-க்கு 20. துத்தநாகம் 5-க்கு 15. சயனைடு 0.2-க்கு 2. ஆறு இணைதிறன் குரோமியம் (நச்சு மிகுந்த குரோமிய வடிவம்) 0.1-க்கு 2. நிக்கல் மட்டும் இரண்டிலும் 3. பிஎச் எங்கும் 5.5 முதல் 9.

இங்கே பலர் தவறுகிற ஓரிடம்: தொழிலுக்கென்று தனி அளவு வந்திருந்தால் இந்தப் பொது அட்டவணை பொருந்தாது. மின்முலாம் தொழிலுக்கு 2012-இல் தனி அளவு வந்துவிட்டது. அதில் ஆறு இணைதிறன் குரோமியம் 0.1, சயனைடு 0.2, துத்தநாகம் 5, மொத்த உலோகம் 10. அதனால் ஒரு முலாம் பட்டறை "குரோமியம் 1.5, சாக்கடை அளவு 2, நான் உள்ளே இருக்கிறேன்" என்று சொன்னால் அது செல்லாது.

இரண்டாவது, மில்லிகிராம் கணக்கு எஸ்டிபியைக் காப்பாற்றாது. கிலோ கணக்குதான் காப்பாற்றும். லிட்டருக்கு 30 மி.கி. இருப்பதை ஒன்பது பங்கு போர் தண்ணீர் விட்டு 3 ஆக்கிவிடலாம். சாக்கடைக்கு வந்த நிக்கல் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உங்கள் பிளாண்ட் தாங்குகிற சுமை எவ்வளவு என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவில் தொழிற்கழிவு வாங்குகிற பல ஊர் எஸ்டிபிகள் இப்படித்தான் தங்களுக்கான உள்ளூர் அளவை நிர்ணயிக்கின்றன. நிக்கலை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

அம்மோனியாவைத் தின்னும் கிருமிகளுக்கு நிக்கல் லிட்டருக்கு 0.25 முதல் 0.5 மி.கி. வந்தாலே வேலை குறையும். கீழ் எண்ணை எடுங்கள். 8 எம்எல்டி பெருக்கல் 0.25, நாளைக்கு 2 கிலோ. வீட்டுக் கழிவிலேயே கொஞ்சம் இருக்கும், 0.02 என்று உங்கள் வீட்டுப் பகுதி சம்ப்பில் அளந்ததாக வைத்தால் 160 கிராம். கைக்காவலாக 20 சதவீதம், அதாவது 400 கிராம் ஒதுக்குங்கள். பட்டறைகளுக்கு மிச்சம் 1.44 கிலோ. ஒரு பட்டறை நாளைக்கு 20 கிலோலிட்டர், லிட்டருக்கு 3 மி.கி. விட்டால் 60 கிராம். அப்படியானால் 24 பட்டறை வரை ஒழுங்காக விட்டால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் உங்கள் நள்ளிரவுச் சம்பவம் எங்கிருந்து வருகிறது? ஒழுங்கான கழுவு நீரிலிருந்து இல்லை. நிக்கல் முலாம் தொட்டிக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 60 கிராம் நிக்கல் இருக்கும். கெட்டுப்போன கரைசல் 500 லிட்டரைச் சாக்கடையில் கவிழ்த்தால் 30 கிலோ. அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரு பட்டறை 500 நாளில் விடுகிற நிக்கல், அரை மணி நேரத்தில். அது உங்கள் ஒரு தொட்டிக்குள் முழுதும் போனால் லிட்டருக்கு 8 மி.கி.க்கு மேல் நிற்கும். கண்காணிப்பை முழுக்க இந்தப் பக்கம் திருப்புங்கள். தினசரிக் கழுவு நீரில் 3-ஆ 4-ஆ என்று சண்டை போடுவது இரண்டாம் வேலை.

பதில்: உரக்குழி

சுமைக்கணக்கு சார் சொன்னதில் ஒரு திருத்தம். கிருமி தாங்குவதை வைத்து மட்டும் கணக்கு முடிந்துவிடாது. ஸ்லட்ஜை என்ன செய்யப் போகிறீர்கள்?

எஸ்டிபியில் நிக்கல் எங்கும் மறைவதில்லை. சுமார் 40 சதவீதம் ஸ்லட்ஜில் ஒட்டும், மீதி வெளித்தண்ணீரில் போகும். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர உரத்துக்கு வைத்திருக்கிற உச்சம் கிலோவுக்கு நிக்கல் 50 மி.கி., குரோமியம் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1,000, காட்மியம் 5. உங்கள் வரத்துக்கு உலர் ஸ்லட்ஜ் நாளைக்குத் தோராயமாக 1,600 கிலோ வரும் (உங்கள் எடைப் பதிவேட்டு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 1,600 பெருக்கல் 50, ஸ்லட்ஜில் இருக்கலாம் என்பது 80 கிராம். 40 சதவீதம்தான் ஒட்டும் என்பதால் வரத்தில் 200 கிராம் வரை தாங்கும். வீட்டுப் பங்கு 160 போனால் பட்டறைகளுக்கு மிச்சம் 40 கிராம். சார் கணக்கில் வந்த 1,440 இல்லை, வெறும் 40.

ஆக ஒரே ஒரு பட்டறை, சட்டப்படி 3 மி.கி. அளவில் விட்டாலும், அந்த ஸ்லட்ஜ் வயலுக்குப் போகும் தகுதியை இழக்கிறது. விவசாயிக்கு ஸ்லட்ஜ் கொடுக்கிற எண்ணம் இருந்தால் முலாம் பட்டறைகளின் உற்பத்திக் கழிவைப் பாதாள சாக்கடையில் சேர்க்கவே கூடாது, கழிப்பறை இணைப்பு மட்டும்தான். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். உலோகம் மண்ணில் ஏறினால் திரும்ப எடுக்க வழி கிடையாது.

அந்த 30 கிலோ சம்பவத்தையும் இப்படிப் பாருங்கள். 12 கிலோ ஸ்லட்ஜில் ஏறுகிறது. தொட்டிகளில் இருக்கும் ஸ்லட்ஜ் மொத்தம் 15 நாள் பெருக்கல் 1,600, அதாவது 24,000 கிலோ. ஒரே இரவில் கிலோவுக்கு 500 மி.கி. கூடிவிட்டது. 15 நாள் ஸ்லட்ஜ் வயதில் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கவே இரண்டு வாரம் ஆகும். உங்கள் அம்மோனியா திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகிறது என்றீர்களே, பெரும்பாலும் அதே காரணம்தான். மாதம் இரண்டு தடவை நடந்தால் அந்த ஸ்லட்ஜ் எந்நாளும் சுத்தமாகாது. இப்போது களத்தில் காய்ந்து கிடப்பதை நிக்கல், குரோமியம் பார்க்காமல் ஒரு லோடுகூட வெளியே விடாதீர்கள்.

நகர்நீர்:

கணக்கு கண்ணைத் திறந்தது, நன்றி. பழுதான கரைசலைக் கவிழ்க்கிறார்கள் என்பதை ராத்திரி காவல் வைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? பட்டறைக்காரர்கள் "எங்களிடம் இடிபி (பட்டறைக்குள்ளேயே கழிவைச் சுத்திகரிக்கும் அமைப்பு) இருக்கிறது" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் தொட்டிகள் இருக்கின்றன.

பதில்: முலாம்தொட்டி

காகிதத்திலேயே பாதி தெரியும். பட்டறையில் எத்தனை முலாம் தொட்டி, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், நிக்கல் சல்பேட்டும் குரோமிக் அமிலமும் மாதம் எத்தனை கிலோ வாங்குகிறார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பிறகு அபாயகரக் கழிவு வெளியே போனதற்கான ‘படிவம் 10’ என்ற சீட்டின் நகல்களைக் கேளுங்கள். கெட்ட கரைசலும் இடிபி ஸ்லட்ஜும் 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகின்றன. 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இருப்பது அப்படி ஒன்று. நாலு வருஷமாகப் பட்டறை ஓடுகிறது, ஆனால் ஒரு படிவம்கூட இல்லை என்றால் அந்தக் கரைசலும் ஸ்லட்ஜும் எங்கே போயின என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இடிபி உண்மையில் ஓடுகிறதா என்பதற்கும் பில்தான் சாட்சி. ஆறு இணைதிறன் குரோமியம் 1 கிராமைக் குறைக்கக் கணக்குப்படி சோடியம் மெட்டாபைசல்பைட் 2.74 கிராம் வேண்டும், நடைமுறையில் அதற்கு மேலும் போகும். சயனைடு 1 கிராமை முதல் படி மட்டும் உடைக்கக் குளோரின் 2.73 கிராம், முழுதும் உடைக்க 6.8 கிராம். மாதம் 25 கிலோ குரோமிக் அமிலம் வாங்குகிறவர் மெட்டாபைசல்பைட்டே வாங்குவதில்லை என்றால் அந்தத் தொட்டிகள் காட்சிக்கு.

ஓடுகிற இடங்களிலும் வழக்கமாகக் கெடுவது எங்கே என்று சொல்கிறேன், ஆய்வுக்குப் போகும்போது உதவும்.

குரோம் வரி தனி, சயனைடு வரி தனி, அமிலம்–காரம் தனி. மூன்றும் ஒரே குழியில் விழுந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். குரோமைக் குறைக்க பிஎச் 2 முதல் 3 வரை இறக்க வேண்டும், ஓஆர்பி (வினை முடிந்ததா என்று காட்டும் மின்னழுத்த அளவு) 250 மில்லிவோல்ட் வாக்கில் வரும் வரை மெட்டாபைசல்பைட் விட வேண்டும், மஞ்சள் போய்ப் பச்சை வரும். பலர் பிஎச் 5-இலேயே மருந்தைக் கொட்டுகிறார்கள். அங்கே வினை ஆமை வேகத்தில் நடக்கும், மருந்து வீணாகி மஞ்சள் அப்படியே சாக்கடைக்குப் போகும். சயனைடுக்கு நேர்மாறு: பிஎச் 10-க்கு மேல் வைத்துத்தான் ஹைப்போகுளோரைட் விட வேண்டும். அதற்குக் கீழே விட்டால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். முதல் படி முடிந்ததும் பிஎச் 8.5-க்கு இறக்கி இரண்டாம் படி.

அப்புறம் படியவைப்பது. குரோமியம் பிஎச் 8.5 வாக்கில் நன்றாகப் படியும். நிக்கலுக்கு 10-க்கு மேல் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் 8.5-இல் படியவைத்தால் குரோமியம் ரிப்போர்ட் அழகாக வரும், நிக்கல் கரைந்தபடியே வெளியேறும். மேல்தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். தெளிவை வைத்து நம்பிவிட வேண்டாம். அம்மோனியா, ஈடிடிஏ (உலோகத்தைப் பிணைத்து வைக்கும் வேதிப்பொருள்) உள்ள கரைசல் கலந்தால் 10-இலும் படியாது. நிக்கல் சயனைடோடு பிணைந்திருந்தால் ஹைப்போவும் எளிதில் உடைக்காது.

செலவில்லாத ஒரு மாற்றமும் சொல்லலாம். தொட்டியிலிருந்து தூக்கிய ரேக்கை உடனே கழுவு தொட்டியில் முக்குகிறார்கள். 20 முதல் 30 விநாடி தொட்டிக்கு மேலேயே வடியவிட்டு, முதலில் ஓடாத தேங்கு கழுவல், பிறகு எதிரோட்டக் கழுவல் (பொருள் போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் ஓடுவது) இரண்டு என்று வைத்தால் தண்ணீரும் நிக்கலும் வெகுவாக மிச்சம். தேங்கு கழுவல் நீரை ஆவியாகிக் குறைந்த முலாம் தொட்டிக்கே திரும்ப விடலாம். நிக்கல் விலைக்கு இது பட்டறைக்கே லாபம், அதனால் கேட்பார்கள்.

பதில்: இசைவாணை

அதிகாரம் பற்றி. "நாங்கள் பாதாள சாக்கடைக்குப் பணம் கட்டி இணைப்பு வாங்கிவிட்டோம், வாரியத்தில் எதற்கு இசைவு?" என்று கேட்பார்கள். நீர்ச் சட்டம் 1974-இன் பிரிவு 25-இல் ஓடை, கிணறு, நிலம் ஆகியவற்றோடு சாக்கடையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. உற்பத்திக் கழிவைச் சாக்கடையில் விடவும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். நகராட்சி இணைப்பு அதற்கு மாற்று இல்லை. பிரிவு 24 நச்சுப்பொருளைச் சாக்கடையில் விடுவதையே தடுக்கிறது.

நகராட்சி எடுக்கிற சாம்பிள் மூலம் தேடுவதற்கும் இணைப்பு நிபந்தனையை நிலைநாட்டுவதற்கும் உதவும். நீர்ச் சட்டப்படி வழக்குத் தொடர வாரிய அலுவலர் பிரிவு 21 முறையில் எடுத்ததுதான் நிற்கும்: உரிமையாளருக்கு அறிவிப்பு, அவர் கண்முன் சாம்பிளை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவர் கையெழுத்து. இதில் ஒன்று விடுபட்டாலும் நீதிமன்றத்தில் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் லாகர் தடம், வழுவழுப்பு ரிப்போர்ட், கொள்முதல்–படிவம் பொருந்தாமை இவற்றை ஒரு கடிதமாக மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பி, எந்த வேளையில் வர வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் பிரிவு 33ஏ வாரியத்திடம் இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பது இணைப்பு. அதில் நிபந்தனை எழுதாமல் கொடுத்ததுதான் பல ஊர்களில் கோளாறு. ஒவ்வொரு பட்டறைக்கும் உற்பத்திக் கழிவுக் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியாக மதில் வரை வர வேண்டும். உற்பத்திக் குழாய் வெளியேறும் இடத்தில், தெருப்பக்கம் திறக்கிற மூடியோடு 600 மி.மீ. சதுர ஆய்வுத் தொட்டி. உள்வரும் குழாய் வெளிக்குழாயை விட 150 மி.மீ. உயரத்தில் இருந்தால் விழும் தண்ணீரை நேராகப் பாட்டிலில் பிடிக்கலாம். பட்டறை உள்ளே போய் அனுமதி கேட்கும் ஐந்து நிமிடத்தில் வால்வு மாறிவிடும், அதனால்தான் தெருப்பக்கம். ஓட்டம் அளக்க வேண்டிய பெரிய இடங்களில் 90 பாகை வி-நாட்ச் தகடு (V வடிவ வெட்டுள்ள தகடு). தலை, அதாவது வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரம், 5 செ.மீ. என்றால் மணிக்குச் சுமார் 2.8 கிலோலிட்டர், 10 செ.மீ. என்றால் 15.7. தகடு தேங்கு நீரில் மூழ்கினால் கணக்கு பொய், கீழே தண்ணீர் தடையின்றி விழ வேண்டும்.

நிபந்தனையில் மில்லிகிராமோடு நாள் உச்ச கிராமும், நீர்த்துக் காட்டக் கூடாது என்பதும், மொத்தமாகக் கவிழ்ப்பதற்குத் தடையும், இரவு எந்நேரமும் ஆய்வுக்குச் சம்மதமும் எழுதுங்கள். உரக்குழி சார் கணக்கை ஏற்றால் முலாம் பட்டறைக்கு உற்பத்திக் கழிவு இணைப்பே இல்லை என்று எழுதிவிடலாம். அது நேர்மையான முடிவு. ஆனால் அந்த முலாம் பட்டறைகளுக்கு வேறு வழி, பொதுச் சுத்திகரிப்போ லாரி ஏற்பாடோ, பேசி முடித்த பிறகு துண்டியுங்கள். இல்லையென்றால் அதே கழிவு மழைநீர் வடிகாலில் போகும், அங்கே எஸ்டிபிகூட இல்லை.

காலையில் வரும் கருநீலம் பற்றி நீண்ட விவாதமே தேவையில்லை. பிஎச் 10, உப்பு, நிறம்: அது சாயமும் பிளீச்சிங்கும். எஸ்டிபி கிருமி உப்பை எடுக்காது, நிறத்தையும் பெரிதாக எடுக்காது. திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த உப்பு நொய்யலைக் கெடுத்ததால்தான். சாயக் கழிவைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில் அது. உங்கள் குழாயில் அதற்கு இடமில்லை. லாகர் தடத்தோடு அந்த இரண்டு யூனிட்டின் இசைவாணை நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கழிவுநீர் லாரிகளையும் மறக்காதீர்கள். செப்டிக் டேங்க் லாரி என்ற பெயரில் வேறு கழிவு மேன்ஹோலில் இறங்கலாம். எஸ்டிபி வாசலில் ஓரிடத்தில் மட்டும் இறக்க அனுமதி, ஒவ்வொரு லோடுக்கும் பிஎச், கண்டக்டிவிட்டி பார்த்து ஒரு லிட்டர் எடுத்து வைத்த பிறகு வால்வு திறப்பது என்று வையுங்கள்.

நகர்நீர்:

மிக்க நன்றி. பட்டறைப் பகுதி சம்ப்பிலும் நான்கு கிளை மேன்ஹோலிலும் லாகர் வைக்கிறோம், காய்ந்த ஸ்லட்ஜ் வெளியே போவதை நிறுத்திவிட்டோம். கடைசியாக ஒன்று: அடுத்த தடவை நள்ளிரவில் டிஓ ஏறினால் அந்த நேரத்தில் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குழாய்வழி

வரத்து முழுவதையும் ஒரே தொட்டிக்குத் திருப்பச் சொல்லுங்கள், ஏற்கெனவே நஞ்சு போன தொட்டிக்கு. மற்றதைக் காப்பாற்றினால் பிறகு விதைக்க ஸ்லட்ஜ் கிடைக்கும். பட்டறைப் பகுதி பம்பை சம்ப் மட்டம் அனுமதிக்கும் வரை நிறுத்தி வையுங்கள், வீட்டுப் பகுதி பம்புகள் ஓடட்டும், அது நீர்த்துக் கொடுக்கும். சம்ப் நிரம்பித் தெருவில் வழியும் மட்டத்துக்கு விடக் கூடாது, அரை மணி நேரம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. கெட்ட தொட்டியில் காற்று தொடர்ந்து ஓட வேண்டும். மேல்தண்ணீர் இறக்குவதை ஒரு சுற்று தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள்.

ஸ்லட்ஜ் விஷயத்தில் இரண்டு தொட்டிக்கும் வெவ்வேறு முறை. நல்ல தொட்டியில் வெளியேற்றுவதைக் குறைத்துச் சேர்த்து வையுங்கள். கெட்ட தொட்டியில் மறுநாளிலிருந்து கூட்டி வெளியேற்றி, அதைத் தனிப் படுகையில் காயப்போடுங்கள், பழையதோடு கலக்க வேண்டாம். பிறகு நல்ல தொட்டியிலிருந்து அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு கலவையைக் கெட்ட தொட்டிக்கு மாற்றுங்கள். மூச்சு வேகச் சோதனையை நாளுக்கு ஒரு தடவை செய்து, அது பழைய அளவில் முக்கால் பங்கைத் தொட்ட பிறகு வழக்கமான வரத்தைத் திறக்கலாம்.

முதல் வேலையாக, டிஓ ஏறிய அந்த நிமிடமே வரத்தில் இரண்டு பாட்டில்: ஒன்றில் நைட்ரிக் அமிலம், ஒன்றில் சோடியம் ஹைட்ராக்சைடு. மருந்து அளந்து ஊற்றிய பாட்டில்களை, எது எதற்கு என்று பெரிதாக எழுதி, இப்போதே வரத்து அறைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால் தண்ணீர் போய்விடும்.